உதவித்தொகை உயர்ந்தது, காலனித் தெரு வரை வந்ததா?

மாதம் 300 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டு, வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழும் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு மத்திய அரசு தரும் ஓய்வூதியம் இவ்வளவுதான். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009இல் தொடங்கியபோது 200 ரூபாயாக இருந்தது. 2012இல் அது 300 ஆனது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கு 500. அதன்பிறகு அரிசி விலை ஏறியது, மருந்து விலை ஏறியது, கூலியும் கொஞ்சம் ஏறியது. அந்த 300 மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மத்திய பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 290 கோடி ரூபாய். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். எல்லோரும் இந்த ஓய்வூதியத்துக்குத் தகுதியானவர்கள் அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் ஒதுக்கீட்டைத் தலைக்கு வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 108 ரூபாய்தான் வருகிறது.

மாநிலம் சேர்த்த தொகை

தமிழகத்தில் நிலைமை மாறியது மாநில அரசு தன் பங்கைக் கூட்டியதால்தான். வருவாய்த் துறை மூலம் வழங்கப்படும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. 4,39,315 பேர் இதனால் பயன்பெறுவார்கள், ஆண்டுக்குக் கூடுதலாக 263 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. தேசியத் திட்டத்தில் வருவோருக்கு இந்த 1,500இல் மத்திய பங்கு 300. மீதி 1,200 மாநிலத்தின் பணம்.

இது தவிர, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாக வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோயால் பாதிப்பு, 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கடும் பாதிப்பு உள்ளவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். படுத்த படுக்கையாக, இன்னொருவர் துணையில்லாமல் வாழ முடியாத நிலையில் இருப்பவரைக் கவனித்துக்கொள்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கவும் மாநிலத்தில் ஏற்பாடு உண்டு.

வருவாய்த் துறை ஓய்வூதியம், பராமரிப்பு உதவித்தொகை இரண்டையும் ஒருவரே சேர்த்து வாங்க முடியாது. இங்கேதான் பல குடும்பங்கள் இழக்கின்றன. 2,000 ரூபாய்க்குத் தகுதி இருந்தும் 1,500 வாங்குபவர் ஆண்டுக்கு 6,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். எந்தப் படிவத்தை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று சொல்ல ஆள் இருக்கும் தெருவுக்கும் இல்லாத தெருவுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 6,000.

சட்டம் போட்ட கணக்கு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21. இச்சட்டத்தின் 24ஆவது பிரிவை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மற்றவர்களுக்கு வழங்கப்படும் அதேபோன்ற சமூகப் பாதுகாப்பு உதவியைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது அது.

தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாய் ஆனது. அதோடு 25 விழுக்காட்டைச் சேர்த்தால் சரியாக 1,500. அதாவது சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தில் வந்து நிற்கிறோம். அடுத்து முதியோர் தொகை எப்போது உயர்ந்தாலும், மாற்றுத்திறனாளிகளின் தொகையும் கூடவே உயர்ந்தாக வேண்டும். அதை யாரும் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. சட்டத்தைக் காட்டியே கேட்கலாம்.

பட்டியல் சாதியினரிடையே கூடுதல்

2011 கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொன்னது. நாட்டு மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே மட்டும் எடுத்தால் 2.45 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத பிறரிடையே 2.18.

இதற்குச் சாபம், கர்மவினை என்று காரணம் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று பார்த்தாலே காரணம் தெரியும். ஆத்தூர், இராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலைகள், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள், கல் குவாரிகள், செங்கல் சூளைகள், திருச்செங்கோட்டிலிருந்து வடமாநிலங்கள் வரை போகும் போர்வெல் வண்டிகள், நகரங்களின் துப்புரவுப் பணி. கையும் காலும் போகக்கூடிய வேலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக நிற்பவர்களில் அருந்ததியர், ஆதிதிராவிடர் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். கர்ப்ப காலத்தில் சத்தான உணவும் சரியான மருத்துவமும் கிடைக்காத தாய்மார்களின் கணக்கும் இதில் சேரும்.

வேலையிடத்தில் விபத்து நடந்தால், ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுவது வழக்கம். சட்டப்படி நிரந்தர ஊனத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுக்க வேண்டும். மாத ஓய்வூதியம் வாங்குகிறோம் என்பதால் இந்த உரிமை போய்விடாது. அது வேறு, இது வேறு.

இரட்டை வசவு

ஊரில் சிலருக்குப் பெயரே கிடையாது. நொண்டி, செவிடு என்பதோடு சாதிப் பெயரும் சேர்ந்துகொள்ளும். பொதுவெளியில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016 சட்டத்தின் 92ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவதற்கும் இதே அளவு தண்டனைதான். இரண்டும் சேர்ந்து நடந்தால் புகார் மனுவில் இரண்டு சட்டங்களையும் எழுதுங்கள்.

இந்த இரட்டைச் சுமையை உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. ஆந்திராவில் பிறவியிலேயே பார்வையற்ற பட்டியல் சாதி இளம்பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் 2021 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு வந்தது. பெண், மாற்றுத்திறனாளி, பட்டியல் சாதி என்ற மூன்றும் ஒரே உயிரின் மீது ஒன்றாக அழுத்துகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் அவள் அனுபவிப்பது கண்ணுக்குத் தெரியாது என்று நீதிபதிகள் விளக்கினர். குற்றவாளியின் ஆயுள் தண்டனை உறுதியானது. ஆனால் சாதியின் காரணமாகத்தான் குற்றம் நடந்தது என்பதற்குத் தனி ஆதாரம் இல்லை என்று வன்கொடுமைச் சட்டப்படியான தண்டனை நீக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்று தெரிந்திருந்தாலே போதும் என்ற திருத்தம் 2016 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. இந்தக் குற்றம் அதற்கு முன்பே நடந்துவிட்டது.

விழுக்காட்டின் சிக்கல்

மத்திய ஓய்வூதியத்துக்கு 80 விழுக்காடு, பராமரிப்புத் தொகையில் கடும் பாதிப்புக்கு 75, மாநில ஓய்வூதியத்துக்கு 40. சான்றிதழில் எழுதும் எண்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஒரு கால் செயலிழந்த அரசு ஊழியருக்கும் அதே பாதிப்புள்ள விவசாயக் கூலிக்கும் விழுக்காடு ஒன்றாக இருக்கலாம். முன்னவருக்குச் சம்பளம் நிற்காது. பின்னவருக்கு அன்றோடு அடுப்பு நின்றுவிடும்.

ஆஸ்திரேலியா 2013இல் வேறு வழியில் போனது. அங்கே தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டத்தில், ஒருவருக்கு அன்றாடம் என்ன உதவி தேவை என்று பார்த்து, அதற்கேற்பத் தனிநபர் நிதி ஒதுக்குகிறார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து செலவு வேகமாக வளர்ந்ததால், 2024இல் சட்டத்தைத் திருத்திக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அங்கே வாக்குவாதம் நிதி எவ்வளவு வேகமாக வளரலாம் என்பது பற்றி. இங்கே 300 ரூபாய் எப்போது அசையும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் தேவையைப் பார்த்து உதவி என்ற கருத்து நம் சட்டத்திலும் இருக்கிறது. 38ஆவது பிரிவின்படி, கூடுதல் ஆதரவு தேவைப்படுபவர் அதற்காகவே விண்ணப்பிக்கலாம்.

உலக வங்கிக் கடனுடன் 1,700 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் தமிழகம் நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில், 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அமைக்கப்படுகின்றன. வீட்டு வாசலுக்கே சேவை என்பது நோக்கம். அந்த வாசல்களில் காலனி வாசலும் இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை தனித்துவ அடையாள அட்டை. 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம் என அட்டையின் நிறம் மாறும். விண்ணப்பத்தை இணையத்தில் பதிய வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் உட்கார்ந்து பதிந்து கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, 1,500 ரூபாய் ஓய்வூதியத்துக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு. 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி: நம் ஒன்றியத்தில் இந்த உதவித்தொகை பெறுவோர் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024இல் தமிழகத்தில் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் மாற்றுத்திறனாளிகளுக்குப் போனது எவ்வளவு என்றும் சேர்த்துக் கேட்கலாம்.

உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்கள் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்துக்கு வந்தன. அந்த நாற்காலிகளில் காலனித் தெருவின் பெண் ஒருத்தியும் உட்கார வேண்டும். அதற்கு விண்ணப்பம் போகும் நாளில் அவள் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.