ஸ்டாண்டர்டு ஹெரால்டு: வண்டலூரில் பிறந்த காருக்கு ‘ஒரிஜினல்’ உள்பாகங்கள் கிடைக்குமா?

பழைய கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் இன்ஜினைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். ஆனால் இன்ஜினைச் சரிசெய்ய ஆள் கிடைத்துவிடும். டிங்கர், பெயின்ட் வேலைக்கும் ஆள் உண்டு. வேலை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான். கதவின் உள்பக்க டோர் பேட், கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி, ரூஃப் லைனிங், டேஷ்போர்டு வளையம், கதவோரப் பீடிங் என அந்தப் பட்டியல் நீளும். கடைகளில் கேட்டால் ‘இதெல்லாம் இப்போ வராது சார், வேற போட்டுக்கலாம்’ என்ற பதில்தான் வரும்.

அம்பாசடர் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. 2014 வரை அந்தக் கார் உற்பத்தியில் இருந்தது. டாக்சியாக நாடு முழுக்க ஓடியதால் உதிரிபாகங்களும் நிறையப் புழங்கின. ஆனால் சென்னைக்கே சொந்தமான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை வேறு.

சென்னையின் சொந்தக் கார் எது?

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948-ல் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியுடன் கூட்டு. தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10 எனச் சில மாடல்களுக்குப் பிறகு, 1961-ல் ஹெரால்டு வந்தது.

பிரிட்டனில் இதே கார் 1959-லேயே ‘டிரையம்ப் ஹெரால்டு’ என்ற பெயரில் வெளியாகிவிட்டது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 948 சிசி இன்ஜின், தனி சேஸிஸ், மூக்குப் பக்கமாக மொத்தமாகத் தூக்கும் பானெட், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் ஸ்டீயரிங் என அந்தக் காலத்துக்கு அது வித்தியாசமான கார்.

1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டின் இடத்துக்கு கெசல் வந்தது. 1980-களில் ஸ்டாண்டர்டு 2000 வந்தது, அது கைகொடுக்கவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. கம்பெனியே இல்லை என்றால் கம்பெனி ஸ்பேரும் இல்லை. அதற்குப் பிறகு சந்தையில் இருப்பதெல்லாம் பழைய கையிருப்பும், உடைக்கப்பட்ட கார்களிலிருந்து வரும் பாகங்களும்தான்.

இரண்டு கதவா, நான்கு கதவா?

உள்பாகம் தேடுவதற்கு முன்பு கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு இரண்டு கதவு காராகவே விற்கப்பட்டது. அங்கே நான்கு கதவு மாடல் வரவே இல்லை. இந்தியாவிலோ அம்பாசடர், ஃபியட் இரண்டும் நான்கு கதவு கார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் அதைத்தான் விரும்பினார்கள். போட்டியைச் சமாளிக்க, மார்க் 3 மாடலில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது சென்னை நிறுவனம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஹெரால்டு அது.

பெருமையான விஷயம்தான். ஆனால் பாகம் தேடும்போது இதுவே தலைவலி. பிரிட்டனில் பழைய டிரையம்ப் கார்களுக்கென்றே ரிம்மர் பிரதர்ஸ், கேன்லி கிளாசிக்ஸ் போன்ற கடைகள் இன்றும் இயங்குகின்றன. இரண்டு நாட்டிலும் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால், ஒரே வடிவமைப்பில் இருந்த சின்னப் பாகங்கள் பல அங்கிருந்து வந்தால் பொருந்த வாய்ப்பு உண்டு. ஹெரால்டின் சேஸிஸை அடிப்படையாகக் கொண்டு பிறந்த ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் கார்களின் பாகங்களும் சில இடங்களில் கைகொடுக்கும்.

ஆனால் நான்கு கதவு ஹெரால்டின் டோர் பேடுகளுக்கு இங்கிலாந்தில் எத்தனை கடை ஏறினாலும் பயனில்லை. முன்கதவின் நீளமே வேறு. பின்கதவு அங்கே கிடையவே கிடையாது. அது வண்டலூரில் மட்டுமே பிறந்த பாகம். அப்படிப்பட்ட ஒன்றை ‘பழசாயிடுச்சு’ என்று குப்பையில் போட்டால், அளவெடுக்கக்கூட மாதிரி மிஞ்சாது.

உள்பாகங்கள் ஏன் முதலில் வீணாகின்றன?

காரணம் அவை செய்யப்பட்ட பொருள்தான். அந்தக் கால டோர் பேட் என்பது ஹார்டுபோர்டின் மேல் ரெக்சின் ஒட்டியது. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் போகும். அது கீழே உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். துளைகளில் மண் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். ஹார்டுபோர்டு அதை உறிஞ்சி உப்பும், வளையும், ரெக்சின் உரியும்.

மேற்குச் சென்னையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1-ம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட தண்ணீர் விநாடிக்கு சுமார் 29,000 கன அடியை எட்டியது. அடையாறு கரையோரம் முழுக்க வாகனங்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற காரின் இன்ஜினைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். ஊறிப்போன ஹார்டுபோர்டையும் சீட்டுக்குள் இருக்கும் நாரையும் பஞ்சையும் மீட்க முடியாது.

இன்னொரு எதிரி வெயில். மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் ரெக்சின் விறைத்து வெடிக்கும், பிளாஸ்டிக் நிறம் மங்கும், பசை விட்டுப்போகும்.

எங்கே தேடுவது?

சென்னையில் பழைய உதிரிபாகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது எழும்பூர் பக்கத்திலுள்ள புதுப்பேட்டை. ஆனால் அங்கே போய் ‘ஹெரால்டு பார்ட்ஸ் இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இல்ல’ என்ற பதில்தான் கிடைக்கும். கையில் பழைய பாகம் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் அளவு தெரியும்படி ஸ்கேல் வைத்து எடுத்த படமாவது வேண்டும். கைப்பிடி, கொக்கி, வளையம் போன்றவற்றுக்குக் கார் பெயர் தெரியாத கடைக்காரர்கூட, பொருளைப் பார்த்தால் எடுத்துக் கொடுத்துவிடுவார். வாங்கும்போது பில் கேட்டு வாங்குவது அவசியம். திருட்டு வண்டியின் பாகம் கைக்கு வராமல் இருக்க அதுவே பாதுகாப்பு.

இரண்டாவது வழி, பயன்படுத்தப்படாத பழைய கையிருப்பு. ஆர்வலர்கள் இதை என்.ஓ.எஸ் என்பார்கள். ஸ்டாண்டர்டு - டிரையம்ப் உதிரிபாகங்கள் ‘ஸ்டான்பார்ட்’ என்ற பெயரில் விற்கப்பட்டன. அந்தப் பெயரும் பாக எண்ணும் உள்ள பெட்டி, மூடிக்கிடக்கும் பழைய ஸ்பேர் கடைகளில் எப்போதாவது தலைகாட்டும். எண்ணைப் பாகப் பட்டியல் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பெட்டி பழசாக இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும்.

மூன்றாவது வழி, மற்ற உரிமையாளர்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் நடத்தும் பழைய கார் கண்காட்சிகள் வேடிக்கை பார்க்க மட்டுமல்ல. அங்கே நிற்கும் நல்ல ஹெரால்டு ஒன்றின் உள்பக்கத்தை, உரிமையாளரின் அனுமதியோடு, திருகு எங்கே இருக்கிறது, தையல் எத்தனை வரி என்பது வரை படம் எடுத்துக்கொள்ளலாம். அதுதான் உங்கள் வரைபடம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு சுங்க வரியும் அனுப்பும் கட்டணமும் சேரும். பழைய, பயன்படுத்திய பொருட்களை இறக்குமதி செய்வதில் கட்டுப்பாடுகளும் உண்டு. அதனால் ஆர்டர் போடும் முன்பே பாகம் புதிதா, பழசா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

கிடைக்கவே கிடைக்காததை என்ன செய்வது?

செய்துகொள்ளலாம். மேற்குப் புறநகர் இதற்குக் கைகொடுக்கும் இடம். 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் வந்தது; பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர்ந்தது. ரப்பர், பிளாஸ்டிக், தகடு, பிளேட்டிங் வேலை செய்யும் சிறு பட்டறைகள் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரை பரவிக் கிடக்கின்றன.

டோர் பேட்: பழைய அட்டையை அச்சாக வைத்துப் புது ஹார்டுபோர்டை வெட்டலாம். பழையது உப்பியிருந்தால் அதன் அளவை நம்பக் கூடாது. கதவில் உள்ள கிளிப் துளைகளை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சாமல் இருக்க இரண்டு பக்கமும், முக்கியமாக ஓரங்களிலும் துளைகளிலும், வார்னிஷ் அடிக்க வேண்டும்.

ரெக்சின்: இது முதலில் பிரிட்டனில் ஒரு வணிகப் பெயர், நம் ஊரில் அந்தப் பெயரே பொருளுக்கு ஆகிவிட்டது. நிறத்தைத் தேர்வு செய்ய, வெயில் படாத இடத்தைப் பாருங்கள். கைப்பிடியின் வளையத்துக்கு அடியிலும், டோர் பேடின் பின்பக்கம் மடித்து ஒட்டிய இடத்திலும் அசல் நிறம் அப்படியே இருக்கும். இன்னொரு நுணுக்கம்: அந்தக் காலக் கார்கள் பலவற்றில் ரெக்சின் மேலுள்ள கோடுகள் தைக்கப்பட்டவை அல்ல, சூட்டில் அழுத்திப் பதித்தவை. சீட் கவர் கடையில் விட்டால் அதைத் தையலாகப் போட்டுவிடுவார்கள். எது வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

பீடிங்: ரப்பர் பீடிங்கின் குறுக்குவெட்டு வடிவத்துக்கு ஏற்ப டை செய்தாக வேண்டும். செலவு டையில்தான். ஒரு காருக்காகச் செய்தால் கட்டுப்படியாகாது. அதே மாடல் வைத்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் பட்டறைக்கும் லாபம், உரிமையாளருக்கும் செலவு குறைவு.

குரோம் பாகங்கள்: பித்தளை, இரும்பு என்றால் கவலையில்லை. ஆனால் பழைய கைப்பிடிகள் பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை. பழைய பூச்சை எடுக்க ஆசிடில் போட்டால் உலோகமே அரிக்கும். முன்அனுபவம் உள்ளவரிடம் மட்டும் கொடுப்பது நல்லது. ஒரே ஒரு கைப்பிடியை முதலில் கொடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

பொருத்தும்போது எதில் கவனம்?

பாகங்கள் உடைவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். டிரையம்ப் ஹெரால்டின் உள்கைப்பிடிகளைத் திருகு பிடித்திருக்காது. பின்னால் உள்ள வளையத்தைக் கதவுப் பக்கம் அழுத்தினால், தண்டின் குறுக்கே ஒரு சிறு பின் தெரியும். அதைத் தட்டி வெளியே எடுத்தால் கைப்பிடி வந்துவிடும். இது தெரியாமல் நெம்பினால் கைப்பிடியும் போகும், டோர் பேடும் கிழியும்.

டோர் பேடை மாட்டும் முன் கதவின் அடித்துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, கதவுத் தகட்டின் மேல் பாலிதீன் தாள் ஒட்ட வேண்டும். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான். இதை விட்டால் புது அட்டை அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்காது.

டேஷ்போர்டைத் தொடும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய கார் போல நினைத்து மாற்றிக் கொடுத்தால் வயர் எரியும்.

வேலைக்கு ஒரு வரிசையும் உண்டு. முதலில் ரூஃப் லைனிங், பிறகு தரை விரிப்பு, டேஷ்போர்டு, டோர் பேட், கடைசியாகச் சீட். இந்த வரிசையில் வந்தால் பசையும் தூசியும் புது ரெக்சின் மேல் விழாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழமையான வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, அசல் வடிவில் பராமரிக்கப்படும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். நம்பர் பிளேட்டில் மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ அந்த வண்டியைப் பயன்படுத்த முடியாது.

‘பெரிய மாற்றம்’ செய்யப்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி. சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களையே அது குறிப்பிட்டுச் சொல்கிறது. ரெக்சினும் டோர் பேடும் அந்த வரிசையில் இல்லை. அதாவது, உள்பாகங்களைக் காப்பாற்றச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அது உரிமையாளரின் கையில்தான் இருக்கிறது.

அதனால்தான் பழைய கார் பட்டறைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உள்பக்கம் முழுவதையும் படம் எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் பெயர் எழுதிப் பையில் போடுங்கள். கிழிந்த டோர் பேடாக இருந்தாலும், ‘பழைய சாமான் எதையும் தூக்கிப் போடாதீங்க, எனக்கே திருப்பிக் கொடுங்க’ என்று பட்டறையில் சொல்லிவிடுங்கள். நான்கு கதவு ஹெரால்டுக்கு இனி வேறு வரைபடம் வரப்போவதில்லை. அந்தக் கிழிந்த அட்டைதான் கடைசி வரைபடம்.