கரிசலில் தோற்கும் உறிஞ்சுகுழி

தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் தேரிக்காடு. பெய்கிற மழையைச் செம்மணல் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே மாவட்டத்தின் வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் எல்லாம் கரிசல். நல்ல மழை பெய்தால் தண்ணீர் மேலேயே நிற்கும். செருப்போடு மண்ணும் கூடவே வரும். இந்த இரண்டு மண்ணிலும் ஒரே அளவு உறிஞ்சுகுழியைத் தோண்டிவிட்டு, கழிவுநீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதிக்கொள்வது எந்த வகையில் நியாயம்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். அதில் 200 லிட்டராவது குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீராக வெளியே வரும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் என்று குழி வெட்டினால் பக்கச் சுவர்கள் 4 சதுர மீட்டர். மணல் என்றால் சதுர மீட்டருக்கு நாளுக்கு 50 லிட்டர் உறிஞ்சும் என்பது பொறியியல் கையேடுகளின் கணக்கு. தேரியில் 200 லிட்டரும் இறங்கிவிடும். விரியாத கெட்டிக் களிமண்ணுக்கே 10 லிட்டர்தான். நனைந்தால் வீங்கும் கரிசல் அதற்கும் கீழே. கோவில்பட்டிப் பக்கத்துக் குழிக்குள் 40 லிட்டர் போனாலே பெரிது. மிச்சம் தெருவுக்குத்தான்.

கோடையில் வெட்டிய குழி ஆளை நன்றாகவே ஏமாற்றும். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற நேரம், வெடிப்பு வழியே தண்ணீர் கடகடவென்று இறங்கும். ஐப்பசி மழையில் மண் ஊறி வெடிப்புகள் மூடிக்கொண்டதும் குழி நிரம்பி வழியும். வழிந்தது வாறுகாலில் தேங்கிக் கொசுவை வளர்க்கும், அல்லது ஊருணிக்குப் போய்ச் சேரும். தலைமுறை தலைமுறையாக ஊர் குடித்த தண்ணீர் அந்த ஊருணியில்தான் கிடந்தது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அதைச் சாக்கடைக்குக் கொடுத்துவிட்டோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

தண்ணீரைக் கீழே விடாத இதே மண்தான் நமக்கு உதவவும் போகிறது. ஊருக்கு வெளியே, ஊருணிக்கு முன்பாக, அடுத்தடுத்து மூன்று குளம் வெட்டலாம். முதல் ஆழக் குளத்தில் கசடு படியும். இரண்டாவதில் வெயிலில் பாசி வளர்ந்து, அது விடும் ஆக்சிஜனில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். ஆழமில்லாத மூன்றாவதில் கிருமிகள் பெருமளவு சாகும். பல ஊர்களில் இத்தகைய குளத்துக்குத் தண்ணீர் கசியாமல் தரை போடவே பெருஞ்செலவு. கரிசலில் கெட்டித்துவிட்டால் தரையே பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வெயிலுக்கோ பஞ்சமில்லை. பஞ்சாபில் பல்பீர் சிங் சீச்சேவால் இப்படிக் கிராமக் கழிவுநீரைத் தெளியவைத்து வயலுக்குப் பாய்ச்சும் முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 2017-ல் பத்மஸ்ரீ பெற்றார். இங்கே வயலுக்கு விடும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும்: சோப்புத் தண்ணீரில் உள்ள சோடியம் கரிசலை இன்னும் இறுகச் செய்யும். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக விடாமல் மாற்றி மாற்றி மரங்களுக்குப் பாய்ச்சுவது நல்லது.

கொல்லை உள்ள வீட்டில் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் தங்க ஒரு சின்னத் தொட்டி, அதைத் தாண்டி வாழை, கல்வாழை, சேம்பு போதும். கழிப்பறைக் குழி கரிசலில் என்றால் சுற்றிலும் 300 மில்லிமீட்டருக்கு மணலோ சல்லியோ நிரப்ப வேண்டும் என்று அரசின் வழிகாட்டியே சொல்கிறது. கட்டும்போது நின்று பார்த்து வாங்குங்கள்.

மார்ச் 22 கிராம சபையில் இரண்டைக் கேட்கலாம். குளத்தில் படியும் கசடை அள்ளும் செலவு யார் பொறுப்பு என்பது தீர்மானத்தில் ஏற வேண்டும். அடுத்த உறிஞ்சுகுழிக்குப் பணம் ஒதுக்குமுன், ஓரடிக் குழியில் தண்ணீர் ஊற்றி, மண் ஓர் இரவு ஊறிய பிறகு மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஊரார் முன் அளந்து எழுத வேண்டும்.