நேப்பாளத்தில் தாய்சேய் நலம்: ஒரு நோக்கு

இமயமலைச் சாரலில் அமைந்த நேப்பாளம், உயர்மலை, குன்றுப்பகுதி, தராய் எனப்படும் தென்சமவெளி ஆகிய மூவகை நிலங்களைக் கொண்டது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 2 கோடியே 92 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். 1996 முதல் 2006 வரை இந்நாடு உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்தது. வறுமையும் போரும் சூழ்ந்த அக்காலத்திலேயே தாய்மார் இறப்பு குறையத் தொடங்கியது என்பது கருதத்தக்கது.

1996ஆம் ஆண்டின் ஆய்வு, இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 539 தாய்மார் இறந்ததாக மதிப்பிட்டது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவ்வெண் 151ஆக இருந்தது. 1988இல் தொடங்கப்பெற்ற மகளிர் சமுதாய நலத் தொண்டர் திட்டம் இதற்குப் பெரிதும் துணைநின்றது. மாதச் சம்பளம் பெறாத இத்தொண்டர்கள் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர். கருவுற்ற பெண்களுக்கு அறிவுரை கூறுவதும் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ வழங்குவதும் இவர்கள் பணிகளுள் சில. 2002இல் கருக்கலைப்புச் சட்டம் தளர்த்தப்பட்டது. 2005இல் மருத்துவ நிலையத்தில் மகவு ஈன்ற தாய்க்குப் பயண உதவித்தொகை வழங்கப்பட்டது: உயர்மலையில் 1,500 நேப்பாள ரூபாய், குன்றுப்பகுதியில் 1,000, தராயில் 500. பாதை கடினமான இடத்தார்க்குக் கூடுதல் தொகை என்னும் இவ்வெளிய கணக்கு பாராட்டத்தக்கது. 2009இல் அரசு நிலையங்களில் பேறுகாலக் கட்டணமும் நீக்கப்பட்டது.

இவற்றின் பயனாக, 1996இல் நூற்றுக்கு 8ஆக இருந்த மருத்துவ நிலையப் பிறப்புகள் 2016இல் 57ஆகவும் 2022இல் 79ஆகவும் உயர்ந்தன. ஆயினும், பிறந்த முதல் மாதத்திற்குள் இறக்கும் சிசுக்களின் எண்ணிக்கை ஆயிரத்திற்கு 21 என 2016ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது; 2022ஆம் ஆண்டின் ஆய்வும் அதே 21ஐயே காட்டியது. ஐந்து வயதிற்குட்பட்டோர் இறப்பு விகிதமோ 33. அதாவது, அவ்விறப்புகளுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் மாதத்திலேயே நிகழ்கின்றன.

இம்முரண் எதனை உணர்த்துகிறது? உதவித்தொகை தாயை நிலையத்தின் வாயில்வரை கொண்டுவந்தது. குறைமாதப் பிறப்பையும், பிறந்ததும் மூச்சுவிடத் திணறும் சிசுவையும் சிறிய மகப்பேற்று நிலையங்களில் முழுமையாகக் கவனிக்க இயலாது. அறுவை மருத்துவமும் குருதியும் வேண்டுமெனில் பெரிய மருத்துவமனைக்கு மீண்டும் ஒரு பயணம். முதற்பயணத்திற்கே திட்டம் வகுக்கப்பட்டது. இரண்டாம் பயணத்தின் சுமை பெரும்பாலும் குடும்பத்தின்மேல் விழுந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தொலைவு மட்டுமே தடையன்று. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தாய்மார் இறப்பு மிகுந்த மாநிலம் மலை நிறைந்த கர்ணாலி (172) அன்று. சமவெளியையும் உள்ளடக்கிய லும்பினியே (207). புத்தர் பிறந்த லும்பினி இம்மாநிலத்திலேயே உள்ளது. அவரைப் பெற்ற மாயாதேவி ஏழாம் நாளில் மறைந்தார் என்னும் பௌத்த மரபு ஈண்டு நினைவிற்கு வருகிறது.

இல்லத்தினுள் முடிவெடுக்கும் உரிமையும் ஆராயத்தக்கது. மலேசியத் தொழிற்சாலைகளில் நாம் காணும் நேப்பாள இளைஞர் பலரின் மனைவியர் ஊரில் தனித்துள்ளனர். கணவர் அனுப்பும் பணம் வண்டி வாடகைக்கு உதவுகிறது. நள்ளிரவில் குருதிப்போக்கு ஏற்படின், எந்த மருத்துவமனைக்கு, எப்போது புறப்படுவது என்பதை மாமியாரோ மாமனாரோதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றனர்.