மடை திறக்கும் மரபணு

நயினார்கோவில் வட்டாரத்தில் நெல் என்பது வானம் பார்த்த பயிர். புழுதி உழவு ஓட்டி, நேரடியாக விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பார்கள். மழை வந்தால் கண்மாய் பெருகும், வயல் பச்சை கட்டும். அதுவே காற்றோடு சேர்ந்து நாலைந்து நாள் விடாமல் அடித்தால், பாக்டீரியா இலைக்கருகலும் கூடவே வந்து சேரலாம்.

முதலில் இலை நுனியிலும் ஓரத்திலும் மஞ்சள் இறங்கும். அந்த ஓரம் நேர்கோடாக இருக்காது, நெளிநெளியாக இருக்கும். சில நாளில் வைக்கோல் நிறமாகிவிடும். சத்துக் குறைவு என்று நினைத்து யூரியாவைக் கூட்டினால் நோய் இன்னும் முற்றும். சந்தேகம் இருந்தால் பச்சையும் கருகலும் சந்திக்கும் இடத்தில் இலையைக் குறுக்கே நறுக்கி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் நிறுத்திப் பாருங்கள். இந்த நோயாக இருந்தால், சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் கலங்கினாற்போல ஓர் இழை கீழே இறங்கும். அவ்வளவும் பாக்டீரியா.

இலையின் ஓரத்து நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் உள்ளே நுழையும் அந்தக் கிருமிக்கு அங்கே சாப்பாடு எங்கிருந்து கிடைக்கிறது? நெற்பயிரே போடுகிறது. நெல்லில் ‘ஸ்வீட்’ என்ற மரபணுக் குடும்பம் ஒன்று இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் சர்க்கரையை வெளியே விடுவது அதன் வேலை. கண்மாய்க்கு மடை எப்படியோ, செல்லுக்கு அது அப்படி. கிருமி தன் புரதம் ஒன்றைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அது மரபணுவின் முன்பகுதியில் போய் உட்கார்ந்து, திறக்க வேண்டாத இடத்தில் மடையைத் திறந்துவிடுகிறது. கசியும் சர்க்கரையில் கிருமி பெருகுகிறது. 2010-ல் இந்த மரபணுக் குடும்பம் அடையாளம் காணப்பட்ட பிறகே இந்தச் சூட்சுமம் தெளிவானது.

அப்படியானால் அந்த மரபணுவையே தூக்கி எறிந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஸ்வீட் 11 என்ற மரபணு நோய்க்காகப் படைக்கப்பட்டதல்ல. மகரந்தம் தேறுவதற்கும் மணி பால் பிடிப்பதற்கும் அது வேண்டும். அதை முடக்கிய பயிரில் மகரந்தம் கெட்டு, பதர் விழுந்தது. நோய் தாக்காத பயிரில் நெல் இல்லாமல் போனால் யாருக்கு லாபம்?

இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. பிஜே 1 போன்ற பழைய ரகங்களில் மரபணு முழுசாக இருக்கிறது. கிருமியின் புரதம் வந்து உட்காரும் முன்பகுதி மட்டும் மாறியிருக்கிறது. மடை பயிருக்குத் திறக்கும், கிருமிக்குத் திறக்காது. இந்த மாற்றத்துக்கு எக்ஸ்ஏ 13 என்று பெயர். தாய், தந்தை இரு பக்கமிருந்தும் அது வந்தால்தான் பலிக்கும். ஒரு பக்கம் மட்டும் வந்த செடியை நோயை வைத்துப் பிரித்தறிய முடியாது என்பதால், டிஎன்ஏ அடையாளக் குறிகளைக் கொண்டே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பொறுமையான வேலையை ஹைதராபாத்தில் செய்து காட்டினார்கள். நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பிபிடி 5204, அதாவது சாம்பா மசூரி, இந்த நோய்க்கு எளிதில் பலியாகும் ரகம். செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அங்குள்ள நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து எக்ஸ்ஏ 5, எக்ஸ்ஏ 13, எக்ஸ்ஏ 21 ஆகிய மூன்றையும் அதில் புகுத்தின. 2008-ல் மேம்படுத்தப்பட்ட சாம்பா மசூரி வெளியானது. மூன்றில் எக்ஸ்ஏ 21 மட்டுமே கிருமியைக் கண்டறிந்து எதிர்க்கும் காவல். மற்ற இரண்டும் கிருமி பயன்படுத்திக்கொள்ளும் மரபணுக்களின் மாறிய வடிவங்கள். அதே சன்ன அரிசி, மறு விதைப்புக்கு விதையை எடுத்து வைத்துக்கொள்ளவும் தடையில்லை. நம் பொது நிறுவனங்கள் உழவருக்குச் செய்த மிக நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

கிருமி பயன்படுத்திக்கொள்ளும் மரபணுவை மாற்றும் இந்த வழி நீடித்து நிற்கக்கூடியது என்பதற்கு பார்லி சாட்சி. 1942-ல் ஜெர்மனியில் கண்டறியப்பட்ட ‘எம்எல்ஓ’ மாற்றத்தைக் கொண்ட ரகங்கள் ஐரோப்பிய வயல்களில் பல பத்தாண்டுகளாகச் சாம்பல் நோயைத் தாங்கி நிற்கின்றன. நெல்லில் நிலைமை கொஞ்சம் சிக்கல். ஸ்வீட் 11 கிடைக்காவிட்டால் 13, 14 என்ற வேறு மடைகளைத் திறக்கும் கிருமி வகைகளும் உண்டு. 2019-ல் பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு ஒன்று மரபணுத் திருத்தம் மூலம் மூன்று மரபணுக்களின் முன்பகுதியையும் மாற்றிக் காட்டியது. இந்தியாவில் இத்தகைய திருத்தங்களுக்கு 2022-ல் விதி தளர்ந்தது. 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான கமலா, சாம்பா மசூரியிலிருந்தே வந்தது. ஆனால் அதன் நோக்கம் விளைச்சல்.

பாசன வசதியுள்ள பகுதியின் பேர்பெற்ற ரகங்களோடு நோய்க் காப்பு நின்றுவிடக் கூடாது. பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009-ல் தந்த அண்ணா 4 போல, வறட்சியைத் தாங்கி சுமார் நூறு நாளில் அறுவடைக்கு வரும் மானாவாரி ரகங்களுக்கும் இந்தக் காப்பு சேர வேண்டும். இப்போதைக்கு உழவர் கையில் இருப்பது, யூரியாவைப் பிரித்துப் போடுவதும், நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாமல் இருப்பதும், வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் 20 சதவீதப் புதுச் சாணக் கரைசலை வடிகட்டி, 15 நாள் இடைவெளியில் இரு முறை தெளிப்பதும்தான்.

எந்த மடையை அடைப்பது என்பதை ஹைதராபாத்திலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு முடிவு செய்ய முடியாது. நயினார்கோவில், திருவாடானை வயல்களின் கருகிய இலைகளை ஆண்டுதோறும் சேகரித்து, அதில் இருக்கும் கிருமி எந்த மரபணுவைத் தொடுகிறது என்று பரிசோதிக்க வேண்டும். ரகம் உருவாக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.