இரசாயனவியற் சிறப்புப் பட்டமும் மாணவராய்ச்சியும்

பரீட்சை வினாத்தாளில் இடம்பெறும் ஒவ்வொரு வினாவிற்கும் விடையொன்று உண்டு. அதனை வினாவை ஆக்கியவர் அறிவர். செய்முறை வகுப்பில் மாணவர் பகுத்தாராயும் உப்பு யாதென்பதும் அதனைப் போத்தலில் இட்டவருக்கு முன்னரே தெரியும். ஆயின், விஞ்ஞானம் வளர்வது எவரும் விடையறியாத வினாக்களாலேயாம். அத்தகைய வினாவொன்றைப் பட்டம் பெறுமுன்னரே மாணவர் கையில் ஒப்படைத்தல் தகுமோ? தகும் எனத் துணிந்து செயற்பட்ட பல்கலைக்கழகங்களுள் ஒக்ஸ்போட் குறிப்பிடத்தக்கது.

அங்கு 1912ஆம் ஆண்டு முதல் இரசாயனவியற் பேராசிரியராக விளங்கியவர் இளைய வில்லியம் ஹென்றி பேர்க்கின். இவர் ஜேர்மனியிற் பேயர் என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். ஆராய்ச்சியின்றி இரசாயனக் கல்வி நிறைவெய்தாது என்னும் அந்நாட்டு மரபை நன்குணர்ந்தவர். 1916ஆம் ஆண்டில் இவர் முயற்சியாற் சிறப்புப் பட்டத்தின் நான்காம் ஆண்டு ஆராய்ச்சிக்கே உரியதாக்கப்பட்டது. ‘இரண்டாம் பகுதி’ என அது வழங்கலாயிற்று.

இவர்தம் தந்தையார் மூத்த பேர்க்கினின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் 1856இல், தமது 18ஆம் வயதில், கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றார். மருந்து கிடைக்கவில்லை, கரிய படிவொன்றே எஞ்சியது. அதனை வீசியெறியாது ஆராய்ந்தமையால் மோவ் என்னும் ஊதாச் சாயம் உலகிற்குக் கிடைத்தது. கருதியது கைகூடாதவிடத்தும் கண்டதை உற்றுநோக்குதலே ஆராய்ச்சியின் முதற் பாடம் என்பதற்கு இதுவே சான்றாகும்.

இரண்டாம் பகுதி மாணவர் மேற்பார்வையாளர் ஒருவரின் ஆய்வுகூடத்திற் சேர்ந்து, முன்னோர் எழுதிய கட்டுரைகளைக் கற்று, கருவிகளைக் கையாளப் பழகி, வரையறுத்த சிறு வினாவொன்றை ஆராய்வர். ஆண்டிறுதியில் ஆய்வேடு ஒன்றை அளித்து, அதுபற்றிப் பரீட்சகர் வாய்மொழியாக வினவுவனவற்றிற்கும் விடை கூறல் வேண்டும்.

இம்முறையின் பயனை விளக்க டொறதி குறோபூட் என்னும் மாணவியின் வாழ்க்கை போதும். இவரே பின்னர் டொறதி ஹொட்ஜ்கின் எனப் புகழ்பெற்றார். சொமர்வில் கல்லூரி மாணவியாகிய இவர், ஹேர்பேட் பவெல் என்பவரின் மேற்பார்வையில் தாலியத்தின் சேதனச் சேர்வைகள் சிலவற்றை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தார். எக்ஸ்-கதிர்கள் பளிங்கொன்றினூடே செல்லும்போது அணுக்களின் இலத்திரன்களாற் சிதறப்பட்டு ஒளிப்படத் தகட்டிற் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் அளந்து, அணுக்களின் ஒழுங்கைக் கணித்தறிதல் வேண்டும். தாலியத்தின் அணுவெண் 81. இலத்திரன் மிகுந்த அவ்வணு கதிர்களை வலிதாகச் சிதறச் செய்வதால், அதன் இடத்தை முதலில் அறிதல் எளிதாகும். இவ்வாராய்ச்சி பற்றிய குறிப்பு 1932இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. பளிங்குகளோடு அன்று தொடங்கிய தொடர்பு பெனிசிலின், விற்றமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைக் காணும் வரை வளர்ந்து, 1964இல் அவருக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

எனினும், எல்லா மாணவர்க்கும் ஓராண்டிலே முடிவு கிட்டுவதில்லை. 1946–47ஆம் கல்வியாண்டில் அதே ஹொட்ஜ்கினின் மேற்பார்வையிற் பயின்ற மாணவி ஒருவர், கிராமிசிடின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியின் பளிங்கமைப்பை ஆராய்ந்தார். அவ்வமைப்பு அவ்வாண்டிலே தெளிவாகவில்லை. மாணவியோ இரண்டாம் வகுப்பிற் சித்தியெய்தி, தொழிற்றுறை இரசாயனராகச் சில காலம் பணியாற்றினார். 1979இல் பிரித்தானியாவின் பிரதமரான மார்கிறற் தட்சரே அவர். பல்கலைக்கழகம் ஒன்றே, பயிற்சிமுறையும் ஒன்றே. பயன் மட்டும் வேறாயிற்று. இயற்கையின் விடை கல்வியாண்டின் எல்லைக்குக் கட்டுப்படுவதன்று.

உயிரிரசாயனவியலில் இவ்விடர் இன்னும் மிகுதி. நொதியங்கள் வெப்பத்தால் எளிதிற் செயலிழப்பன. ஆதலின் அவற்றைப் பெரும்பாலும் குளிர்நிலையிலேயே வைத்துத் தூய்மைப்படுத்தல் வேண்டும். ஒரு பொழுதின் கவனக்குறைவு பல நாள் உழைப்பை அழித்துவிடும். விளைந்த மாற்றம் நொதியத்தாலேயே நிகழ்ந்தது எனக் காட்ட, நொதியமின்றியும் அப்பரிசோதனையைச் செய்து ஒப்பிடல் வேண்டும். ஒருமுறை பெற்ற பேற்றை மீண்டும் பெற்றாலன்றி அதனை நம்பலாகாது.

எனவே, மாணவராய்ச்சியை மதிப்பிடுவோர் பெற்ற பேற்றை மட்டும் எடையிடுதல் முறையன்று. வினா தெளிவாக வகுக்கப்பட்டதா, அளவுகள் நேர்மையாகப் பதியப்பட்டனவா, கருத்துக்கு மாறான சான்று மறைக்கப்படாது கூறப்பட்டதா என்பனவே நோக்கற்பாலன. பேறு ஒன்றுக்கே புள்ளி வழங்கின், மாணவர் தோல்வியை மறைக்கக் கற்பர். அஃது ஆராய்ச்சிக்கே நஞ்சாகும். மேற்பார்வையாளர்க்கும் கடமை உண்டு. மாணவரைக் குடுவை கழுவுவதற்கும் ஒரே அளவீட்டை ஓயாது செய்வதற்கும் கூலியில்லாத் துணைவராகக் கொள்ளுதல் கல்வி ஆகாது. ஓராண்டில் ஆராயத்தக்க வினாவைத் தெரிந்தளித்தலும், மாணவரின் பங்கு வெளியீட்டில் இடம்பெறுமாயின் அவர் பெயரையும் சேர்த்தலும் நெறியாகும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தின் ஒரு கூறாக ஆராய்ச்சித் திட்டம் அமைந்துள்ளது. அதனை நாடிச் செல்லும் மாணவர்க்குரிய பயிற்சி கல்லூரி ஆய்வுகூடத்திலேயே தொடங்கலாம். எதிர்பார்த்த அளவு வாராதபோது அயலவரின் குறிப்பேட்டைப் பார்த்து எண்ணைத் திருத்தாது, கண்டதைக் கண்டவாறே எழுதி, அது ஏன் நிகழ்ந்தது என வினவும் மாணவர் ஆராய்ச்சிக்குரிய முதற் றகுதியை அன்றே பெற்றவராவர்.