வீட்டிலிருந்தபடியே ஒரு மடத்து உறவு

பிரெஞ்சு உள்துறை அமைச்சகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உத்தியோகம், மிச்ச நேரத்தில் நாவல். உயிஸ்மான்ஸ் பாரிஸ் இலக்கிய வட்டத்தில் பேர் வாங்கியதே, உலகம் சலித்துப்போன ஒரு பிரபுவின் வக்கிர ரசனைகளை எழுதித்தான். அப்படிப்பட்டவர் 1899-இல் மூட்டை முடிச்சோடு கிளம்பி, மேற்கு பிரான்ஸில் லிகுழே என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த பெனடிக்டைன் மடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். துறவியாகவில்லை. மணி அடித்தால் மடத்துக் கோயிலுக்குப் போவார், செபம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து எழுதுவார்.

1901 மார்ச்சில் அந்த மடத்தின் ‘ஒப்லேட்’ ஆனார். அதே ஆண்டு துறவற சபைகளை நெருக்கும் சட்டத்தை அரசு கொண்டுவந்தது. துறவிகள் மடத்தை விட்டு பெல்ஜியத்துக்குப் போய்விட்டார்கள். ஆசையாகக் கட்டிய வீட்டை விட்டுவிட்டு உயிஸ்மான்ஸும் பாரிஸுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1903-இல் வெளிவந்த அவரது நாவலின் பெயரே ‘ஒப்லேட்’தான்.

ஒப்லேட் என்பது கத்தோலிக்கத் திருச்சபைக்குள் பலருக்கும் தெரியாத ஓர் உறவுமுறை. கல்யாணம் ஆனவர், வேலைக்குப் போகிறவர், பேரன் பேத்தி எடுத்தவர் என்று யாரும் ஒரு குறிப்பிட்ட துறவு மடத்தோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய ஓர் ஆண்டு பயிற்சிக் காலம். அது முடிந்ததும் துறவிகள் கூடியிருக்கும் செபத்தின்போதோ திருப்பலியின்போதோ அவர் ஒரு வாக்குறுதியை வாசித்து, கையெழுத்திட்டு, அந்தத் தாளைப் பீடத்தின் மேல் வைக்கிறார். புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குநூலை, தன் குடும்ப வாழ்க்கை இடம்கொடுக்கும் அளவுக்குப் பின்பற்றுவதாகச் சொல்லும் வாக்குறுதி அது. துறவிகளின் வார்த்தைப்பாட்டைப் போல ஆளைக் கட்டிப்போடாது. விலக நினைத்தால் விலகலாம்.

பீடத்தில் தாள் வைக்கும் இந்தச் சடங்கு மிகப் பழையது. ஒழுங்குநூலின் 58-ஆம் அதிகாரத்தில் புதுத் துறவி இதைத்தான் செய்கிறார். அடுத்த அதிகாரம் இன்றைய வாசகரைக் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். பெற்றோர் தங்கள் சிறுவனை மடத்துக்குக் காணிக்கையாகத் தரும்போது, விண்ணப்பத் தாளையும் காணிக்கைப் பொருளையும் பிள்ளையின் கையோடு சேர்த்துப் பீடத்துணியால் சுற்ற வேண்டும் என்கிறது அது. ஆங்கில வரலாற்றை எழுதிய பீட், ஏழு வயதில் மடத்தில் விடப்பட்டவர். பிள்ளைகளைக் கொடுக்கும் வழக்கம் இடைக்காலத்தோடு மறைந்தது. இன்று வருகிறவர்கள் பெரியவர்கள், அதுவும் தாங்களாகவே.

கடமைகள் பெரிய பாரமில்லை. காலையிலும் மாலையிலும் திருப்பாடல்களைச் சொல்லிச் செபிப்பது, திருவிவிலியத்தை அவசரமில்லாமல் வாசிப்பது, முடிந்தபோதெல்லாம் மடத்துக்குப் போய்வருவது. ஒழுங்குநூலின் 73 அதிகாரங்களையும் தினமும் ஒரு பகுதி என்று ஆண்டுக்கு மூன்று முறை முடிக்கும் வழக்கமும் பலரிடம் உண்டு. அங்கி கிடையாது, மடத்தில் அறை கிடையாது.

தமிழ்நாட்டுப் பங்குகளில் அசிசியாரின் மூன்றாம் சபையைப் பலர் அறிவார்கள். அதில் சேர்பவர் உலகெங்கும் பரவிய ஒரு குடும்பத்தில் சேர்கிறார். ஊர் மாறினால் அங்கே இருக்கும் கிளைக்குப் போகலாம். ஒப்லேட்டின் கதை வேறு. அவருடைய உறவு ஒரே ஒரு வீட்டோடு. அங்கே இருக்கும் இன்ன இன்ன துறவிகள், அவர்களுடைய கோயில், அவர்களுடைய கல்லறைத் தோட்டம். ஒரு கொள்கையை யாரும் எங்கிருந்தும் நேசித்துவிடலாம். இருமிக்கொண்டே செபம் சொல்லும் கிழத் துறவியை நேசிக்கப் பக்கத்தில் போக வேண்டும். இந்த ஏற்பாட்டின் வலுவும் சங்கடமும் இதில்தான் இருக்கின்றன.

ஒப்லேட் வாழ்க்கைக்கு அமெரிக்காவின் டோரத்தி டே நல்ல உதாரணம். சோஷலிசப் பத்திரிகையாளர், கணவர் துணையின்றி மகளை வளர்த்தவர், பிறகு கத்தோலிக்கரானவர். 1933 மே 1 அன்று நியூயார்க்கில் ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ பத்திரிகையைத் தொடங்கி, ஒரு சென்ட்டுக்கு விற்றார். கூடவே வேலையிழந்தோருக்கு சூப்பும் ரொட்டியும் படுக்க இடமும் கொடுக்கும் வீடுகள் முளைத்தன. 1955-இல் அவர் ஒப்லேட் ஆனது, சிகாகோ பக்கம் லைல் ஊரில் உள்ள புனித புரோகோப்பியுஸ் மடத்தில். நியூயார்க்கிலிருந்து நெடுந்தொலைவு. செக் நாட்டு வழிவந்த அந்த மடம் கீழைத் திருச்சபைகளோடு ஒன்றிப்புக்காகச் செபித்துவந்தது; ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தாயெவ்ஸ்கியில் ஊறியிருந்த டோரத்திக்கு அந்த மடத்தின் மேல் ஈர்ப்பு இருந்ததில் வியப்பில்லை.

வரும் விருந்தினர் எவரையும் கிறிஸ்துவாகவே வரவேற்க வேண்டும் என்பது ஒழுங்குநூலின் 53-ஆம் அதிகாரம். மடத்தில் விருந்தினர் வருவார், போவார். டோரத்தியின் வீட்டுக்கு வந்தவர்களோ குடிகாரர்கள், மனம் பேதலித்தவர்கள். பலர் போகவே இல்லை. 1973-இல், 75 வயதில், கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் போராட்டத்தில் கைதாகிச் சிறைக்குப் போனார். அந்த அதிகாரத்தை அவரளவுக்குச் சோதித்துப் பார்த்த மடங்கள் குறைவு என்று துணிந்து சொல்லலாம்.

கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடப் பல மடங்களில் இல்லை. கவிஞர் கேத்லீன் நோரிஸ் பிரெஸ்பிடேரியன் சபையைச் சேர்ந்தவர், மணமானவர். 1974-இல் நியூயார்க்கை விட்டு, தெற்கு டகோட்டாவில் பாட்டியின் வீட்டுக்குக் குடிபோனார். 1986-இல் வடக்கு டகோட்டாவின் ரிச்சர்ட்டன் மடத்தில் ஒப்லேட் ஆனார். அந்த அனுபவத்தை வைத்து அவர் 1996-இல் வெளியிட்ட நூல் நன்றாக விற்றது. ஒப்லேட் என்றால் என்ன என்று அமெரிக்காவில் பலர் விசாரிக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்று உண்டு. 1950-களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியில் இருந்த ஜான் மெயின், கோலாலம்பூரில் சுவாமி சத்யானந்தாவிடம் தியானம் கற்றார். பின்பு பெனடிக்டைன் துறவியாகி, 1975-இல் லண்டனில் தியானக் குழுக்களைத் தொடங்கினார். 1982-இல் அவர் இறந்தார். 1991-இல் அந்தக் குழுக்கள் உலகச் சமூகமாக உருவெடுத்த கருத்தரங்கை நடத்தியவர், குளித்தலை அருகே காவிரிக் கரையில் உள்ள சாந்திவனம் ஆசிரமத்தின் பீட் கிரிஃபித்ஸ். அந்தச் சமூகத்துக்கும் ஒப்லேட்டுகள் இருக்கிறார்கள். மதிலே இல்லாத மடம் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு வீட்டோடு உறவு என்ற பழைய வரையறையிலிருந்து இது எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது!

பழைய வீடுகளோ சுருங்கிவருகின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் துறவிகளுக்கு வயதாகிறது. பல மடங்களில் துறவிகளைவிட ஒப்லேட்டுகளே அதிகம். யூட்டா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில், அதே ஒழுங்குநூலைப் பின்பற்றும் டிராப்பிஸ்ட் துறவிகள் 1947-இல் நிறுவிய மடம் 2017-இல் மூடப்பட்டது. டிராப்பிஸ்ட் மடங்களைச் சுற்றியும் பொதுநிலையினர் குழுக்கள் 1980-களிலிருந்து வளர்ந்துவந்தன. அவற்றைத் தங்கள் மரபின் பகுதியாக அச்சபையின் பொதுப்பேரவை 2008-இல் ஏற்றுக்கொண்டது.

மடம் மூடினால் ஒப்லேட் வேறொரு மடத்துக்குத் தன் இணைப்பை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. காகிதத்தில் சுலபமான காரியம்தான். இருந்தாலும் புதிதாக விசாரித்து வருகிறவரிடம் பல மடங்கள் முதலில் விண்ணப்பத்தை நீட்டுவதில்லை. விருந்தினர் இல்லத்தில் சில நாள் தங்கச் சொல்கிறார்கள்: விடியற்காலை செபத்துக்கு எழுந்து வரட்டும், துறவிகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும், அதன் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று.