மூக்கை மட்டும் நம்ப வேண்டாம்: எரிவாயு பார்பிகியூ அடுப்பைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவோம்

மூத்த குடிமக்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும்

திறந்த இல்ல உபசரிப்பு, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள், பள்ளி விடுமுறை என உறவினர்கள் கூடும் நாள்களில் வீட்டு முற்றத்தில் கோழியும் மீனும் சுடுவது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. கரியை ஊதிக் கண் எரிந்த காலம் போய், திருகைத் திருப்பினால் பற்றிக்கொள்ளும் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. வசதியான பொருள்தான். ஆனால் கரியில் இல்லாத ஓர் ஆபத்து இதில் உண்டு. எரிவாயு கசிந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. மூத்தவர்களில் பலருக்கு மூக்குக்கும் தெரியாமல் போகலாம்.

ஏன் மூக்கு மட்டும் போதாது?

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டைக்கோஸ் போன்ற ஒரு நாற்றத்தை அதில் சேர்க்கிறார்கள். வயது கூடக்கூட நம் நுகரும் திறன் குறைகிறது. நாள்பட்ட மூக்கடைப்பு, புகைபிடிக்கும் பழக்கம், பார்க்கின்சன் நோய், கோவிட்-19 தொற்று ஆகியவையும் அதைக் குறைக்கலாம். மெல்ல மெல்லக் குறைவதால் பலர் இதை உணர்வதே இல்லை. நுகரும் திறன் நன்றாக இருப்பவர்களுக்கும், ஒரே நாற்றத்தில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். இறைச்சி சுடும் புகையும் நாற்றத்தை மறைத்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு காப்பித்தூளையும் பெருங்காயத்தையும் மோந்து பாருங்கள். எது எது என்று சொல்ல முடியவில்லை என்றால், அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது மருத்துவரிடம் தெரிவியுங்கள். "ஒன்றும் மணக்கவில்லையே, பற்ற வைக்கலாம்" என்று உங்கள் மூக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அடுப்பை எங்கே வைப்பது?

• திறந்த வெளியில், சமதளமான தரையில் வையுங்கள். சுவர், வேலி, செடிகள், துணி காயும் கொடி ஆகியவற்றிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. 
• கார் நிறுத்தும் கூரையின் கீழும், தார்ப்பாய் கட்டிய பந்தலுக்குள்ளும் வைக்காதீர்கள். மூடிய இடத்தில் எரிவாயு எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமே இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள். இருதய நோய் உள்ளவர்களை அது விரைவில் பாதிக்கும்.
• சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவி, பள்ளத்தில் தேங்கும். எனவே வீட்டு ஓரத்துக் கால்வாய்க்கு அருகில் அடுப்பையோ தோம்பையோ வைக்காதீர்கள்.
• மழை வந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். எரியும் அடுப்பைக் கூரைக்குள் இழுத்து வருவது மிகவும் ஆபத்தானது. மீதியை வீட்டு அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம்.

தோம்பைப் பொருத்துதல்

எரிவாயுத் தோம்பு எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்த்துப் படுக்க வைத்தால் திரவ எரிவாயு குழாய்க்குள் புகுந்து, தீ பெரிதாக எழக்கூடும். கடையிலிருந்து காரில் கொண்டுவரும்போதும் நிமிர்த்தியே வைத்து, சன்னலைத் திறந்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் தோம்பை விட்டுச் செல்லாதீர்கள்.

ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் சிரிம் முத்திரை உள்ளவையாக இருக்கட்டும். வீட்டு அடுப்புக்கு உரியது குறைந்த அழுத்த ரெகுலேட்டர். பெரிய கடாய் அடுப்புக்கு உரிய உயர் அழுத்த ரெகுலேட்டரை பார்பிகியூ அடுப்பில் மாட்டக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த அடுப்புடன் கொடுக்கப்படும் ரெகுலேட்டர் இங்குள்ள தோம்புக்குப் பொருந்தாமல் போகலாம். பலவந்தமாகத் திருகாமல், எரிவாயு விற்பனையாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, பிசுபிசுப்பு, எலி கடித்த தடம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மாற்றிய தேதியைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்பில் ஒட்டி வையுங்கள். குழாயின் இரு முனைகளிலும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும்.

சோப்பு நீர்ச் சோதனை

மூக்குக்குத் தெரியாத கசிவைக் கண்ணுக்குக் காட்டும் எளிய வழி இது. புதுத் தோம்பு மாட்டும் ஒவ்வொரு முறையும், அடுப்பு பல வாரம் சும்மா இருந்த பிறகும் இதைச் செய்யுங்கள்.

1. பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள்.
2. அடுப்பின் திருகுகள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். அருகில் நெருப்போ சிகரெட்டோ இருக்கக்கூடாது.
3. தோம்பின் வால்வைத் திறங்கள்.
4. தோம்பும் ரெகுலேட்டரும் சேரும் இடம், ரெகுலேட்டரும் குழாயும் சேரும் இடம், குழாய் முழுவதும், குழாய் அடுப்பில் சேரும் இடம் ஆகியவற்றில் தூரிகையால் தடவுங்கள்.
5. ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். குமிழி வளர்ந்தால் அங்கே கசிவு இருக்கிறது. உடனே வால்வை மூடி, இணைப்பை இறுக்கி, மீண்டும் சோதியுங்கள். மறுபடியும் குமிழி வந்தால் அன்று அந்த அடுப்பைப் பயன்படுத்தாதீர்கள்.

பார்வை மங்கலாக இருந்தால் மகனையோ மகளையோ பார்க்கச் சொல்லுங்கள். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பற்ற வைக்கும்போது

முதலில் அடுப்பின் மூடியைத் திறங்கள். மூடியபடி பற்ற வைத்தால் உள்ளே தேங்கிய எரிவாயு ஒரே நொடியில் பற்றி முகத்தில் அடிக்கும். அடுப்பின் மேல் குனியாமல், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். தோம்பின் வால்வைத் திறந்து, ஒரு பர்னரின் திருகை மட்டும் திருப்பிப் பற்ற வையுங்கள். ஐந்து விநாடிக்குள் பற்றவில்லை என்றால் எல்லாவற்றையும் மூடி, ஐந்து நிமிடம் காத்திருந்து பிறகு முயலுங்கள். பிள்ளைகள் பசியோடு சுற்றி நின்று அவசரப்படுத்தினாலும் இந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தீ நீல நிறத்தில் சீராக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் காற்று சரியாகப் போகவில்லை என்று பொருள். சும்மா கிடக்கும் அடுப்பின் பர்னர் குழாயில் சிலந்தியும் குளவியும் கூடு கட்டுவது உண்டு. அணைத்து, ஆறிய பிறகு சுத்தம் செய்யுங்கள்.

சமைக்கும்போது

• தொங்கும் முந்தானை, தோளில் துண்டு, அகலமான கை வைத்த சட்டை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நைலான் துணியைவிடப் பருத்தித் துணி பாதுகாப்பானது.
• நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மூடிய காலணி அணியுங்கள். சூடான எண்ணெய் தெறித்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.
• வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர்கள் அடுப்பின் பக்கமே வரக்கூடாது.
• இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்களுக்கு வெயிலிலும் வெப்பத்திலும் நெடுநேரம் நின்றால் தலை சுற்றலாம். அருகில் நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குடியுங்கள்.
• எரியும் அடுப்பை விட்டு நகர வேண்டியிருந்தால் வயது வந்த ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்லுங்கள். சிறு பிள்ளைகள் நெருங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.
• பச்சை இறைச்சி இருந்த தட்டில் வெந்த இறைச்சியை வைக்காதீர்கள்.

அணைத்தலும் பராமரிப்பும்

சமையல் முடிந்ததும் முதலில் தோம்பின் வால்வை மூடுங்கள். குழாயில் மிஞ்சிய எரிவாயு எரிந்து தீ தானாக அணையும். பிறகு அடுப்பின் திருகுகளை மூடுங்கள். இந்த வரிசையில் செய்தால் குழாயில் எரிவாயு தங்காது.

அடுப்பு ஆறிய பிறகு கொழுப்புத் தட்டை ஒவ்வொரு முறையும் காலி செய்து கழுவுங்கள். பார்பிகியூ அடுப்பில் தீ பெரிதாக எழுவதற்குத் தேங்கிய கொழுப்பு ஒரு முக்கியக் காரணம். கம்பித்தட்டை உலோகக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் உதிர்ந்த கம்பி உணவில் ஒட்டி, தொண்டையிலோ குடலிலோ குத்தலாம். அத்தகைய தூரிகையைப் பயன்படுத்தினால் ஈரத்துணியால் கம்பித்தட்டை நன்றாகத் துடைத்துவிடுங்கள். தோம்பை வீட்டுக்குள்ளோ பொருள் அறையிலோ வைக்காமல், காற்றோட்டமான நிழலில் வெளியே நிறுத்துங்கள்.

ஏதாவது நேர்ந்தால்

கசிவு என்று சந்தேகம் வந்தால்: அருகில் உள்ள தீயை அணைத்து, தோம்பின் வால்வை மூடுங்கள். விளக்கையோ மின்விசிறியையோ போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். காரை இயக்காதீர்கள். அனைவரையும் அழைத்துக்கொண்டு தூரமாகச் சென்று, அங்கிருந்து 999 எண்ணை அழையுங்கள்.

கொழுப்பில் தீப்பிடித்தால்: தண்ணீர் ஊற்றாதீர்கள். எட்டும் நிலையில் இருந்தால் எரிவாயுவை நிறுத்தி, அடுப்பின் மூடியை மூடுங்கள். தீ தோம்பை நெருங்கிவிட்டால் எதையும் காப்பாற்ற முயலாமல் விலகி ஓடி, 999 எண்ணை அழையுங்கள்.

உடையில் தீப்பற்றினால்: ஓடாதீர்கள். தரையில் படுத்து உருளுங்கள். அருகில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் மூடித் தீயை அணைக்கலாம்.

தீக்காயம் பட்டால்: குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓட விடுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். பற்பசை, சோயா சாஸ், எண்ணெய், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். அவை சூட்டை உள்ளே தக்கவைக்கும், கிருமி புகவும் வழி செய்யும். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், கொப்புளம் வந்தாலும், முகம், கை, பாதத்தில் பட்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவு நோயாளிகள் சிறு காயத்துக்கும் செல்ல வேண்டும்.

நினைவில் கொள்ளுங்கள்

✓ திறந்த வெளியில் மட்டும் பயன்படுத்துங்கள்.
✓ மூக்கை நம்பாமல் சோப்பு நீரால் சோதியுங்கள்.
✓ மூடியைத் திறந்த பிறகே பற்ற வையுங்கள்.
✓ முடிந்ததும் தோம்பின் வால்வை முதலில் மூடுங்கள்.

இந்த நான்கையும் வீட்டில் உள்ள எல்லாரும் கேட்கும்படி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்களுக்கு மறந்தாலும் பேரப்பிள்ளை நினைவூட்டும்.